அடுத்த ஷாட்டுக்கு நேரமாச்சு

கேமரா ஓடும்போது அவர்களைப் போல ஒட்டி உறவாடும் அம்மாவும் மகளும் உலகத்திலேயே கிடையாது. டைரக்டர் "கட்" சொன்ன மறு நொடி, ஆளுக்கொரு மூலை.

ஒரே நகைக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு ஓயாமல் செல்லச் சண்டை போடும் தாயும் மகளும். இதுதான் 'அம்மா கல்லாவில், மகள் கவுண்ட்டரில்' என்ற டிவி காமெடித் தொடரின் கதை. மூன்று வருடமாக ஓடுகிறது. யூனிட்டில் மூத்த நடிகைக்கு அம்மா என்றும் இளையவளுக்குப் பாப்பா என்றுமே பெயர் விழுந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் பாப்பா ஒரு பேட்டியில், "பாவம், அவங்களுக்கு வயசாயிடுச்சு. வசனம் மறந்து போகுது" என்று வாயை விட்டாள். அன்றிலிருந்து, கேமரா இல்லாத இடத்தில் அம்மா அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அன்றைக்கு ஷூட்டிங் நிஜ நகைக்கடையில். வார விடுமுறை என்பதால் கடை முதலாளி இடத்தைக் கொடுத்ததோடு, போலி நகை வைத்தால் கடைப் பெயர் கெட்டுவிடும் என்று நிஜ வைர நெக்லஸையே நடிக்கக் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது முதலாளி வேஷம். கோட்டு சூட்டோடு வந்து நின்று, நாலு வசனத்தில் மூன்றை மென்று விழுங்கினார். டைரக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவரைவிடப் பெரிய தலைவலி கன்டினியூட்டி பெண். ஒவ்வொரு "கட்"டுக்கும் போனில் போட்டோ எடுத்து, போன ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. "மேடம், வளையல் ஆறு இருந்துச்சு, இப்ப அஞ்சுதான் இருக்கு." "பாப்பா, முடி இடது தோள்ல இருந்துச்சு." அவளைக் கண்டாலே எல்லோருக்கும் எரிச்சல்.

காலை பதினோரு மணிக்கு, அம்மா நெக்லஸைத் தட்டில் வைத்து வாடிக்கையாளரிடம் நீட்டும் ஷாட் முடிந்தது. லைட்டை மாற்றிப் போட அரை மணி நேரம் ஆனது. திரும்பி வந்து பார்த்தால் தட்டு மட்டும் இருந்தது.

முதலாளி போட்ட கூச்சலில், தெருமுனை ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டரும் ஒரு பெண் போலீஸும் ஓடி வந்து கதவை மூடினார்கள்.

"கடைசியா அந்தம்மா கையிலதான் சார் இருந்தது. பக்கத்துல அந்தப் பொண்ணு," என்றார் முதலாளி.

"எல்லாரும் பையை எடுத்து மேஜை மேல வைங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

அம்மா பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா முகம் வெளுத்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். லைட் மாற்றும் நேரத்தில், இவள் தூணுக்குப் பின்னால் நின்று பைக்குள் எதையோ அவசரமாகத் திணித்ததை அம்மா கண்ணால் பார்த்திருந்தாள்.

அடிப்பாவி! கல்யாணம் நிச்சயமான பெண் செய்கிற காரியமா இது? போலீஸ், கோர்ட் என்று போனால் அவள் வாழ்க்கை என்ன ஆவது? கோபம் வரவேண்டிய இடத்தில் அம்மாவுக்கு அழுகை வந்தது. மூன்று வருடமாக "என் கண்ணே" என்று கொஞ்சியதெல்லாம் வெறும் வசனம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

"தேட வேண்டாம் சார். நான்தான் எடுத்தேன்."

"ஐயோ, இல்லை சார்! நான்தான் எடுத்தேன்," என்று குறுக்கே பாய்ந்தாள் பாப்பா. "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"நீ சும்மா இருடி!"

"நீங்க சும்மா இருங்கம்மா!"

இன்ஸ்பெக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். "காணாமப் போனது ஒரே ஒரு நெக்லஸ். ஆளுக்குப் பாதியா எடுத்தீங்களா?"

பெண் போலீஸ் இரண்டு பைகளையும் கவிழ்த்தார். பாப்பாவின் பையிலிருந்து, பாதி கடித்த கிரீம் பன் விழுந்தது. கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைப்பதாக ஊரெல்லாம் சபதம் செய்தவள் அவள். அம்மாவின் பையிலிருந்து விழுந்தவை, மூக்குக் கண்ணாடியும் வசனம் எழுதிய பிட்டுக் காகிதமும்.

"இதைத்தான் ஒளிச்சு வெச்சீங்களா? நீங்க ஒளிக்கிறதைப் பார்த்து நான் நெக்லஸ்னு நினைச்சேன்மா..."

"நானும்தாண்டி!"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நடுவே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. இப்படி ஒரு காட்சியை எடுக்காமல் விட்டோமே என்று டைரக்டர் கையைப் பிசைந்தார்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "நடிக்கிறாங்க சார்! ரெண்டு பேரும் வாயாலேயே ஒத்துக்கிட்டாங்க, எல்லாரும் கேட்டாங்க. கூட்டிட்டுப் போங்க. திருட்டுப் போச்சுன்னு எனக்கு ஒரு பேப்பர் மட்டும் எழுதிக் கொடுத்திடுங்க, இன்ஷூரன்ஸுக்கு வேணும்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சோடு பேனாவைத் திறந்தார். "ஒத்துக்கிட்ட பிறகு நான் என்னம்மா செய்ய முடியும்? ஸ்டேஷனுக்கு வந்துதான் ஆகணும்." அம்மா பாப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, கையில் போனோடு கன்டினியூட்டி பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். போனையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழக்கமான எரிச்சலூட்டும் குரலில் சொன்னாள்:

"சார், அடுத்த ஷாட்ல நீங்களும் இருக்கீங்க... போன ஷாட்ல உங்க கோட்டுல வலது பாக்கெட் தட்டையா இருந்துச்சு, இப்ப உப்பிக்கிட்டு நிக்குது. உள்ள எது இருந்தாலும் எடுத்து வெளியில வெச்சிடுங்க, இல்லேன்னா ஷாட் ஒட்டாது!"