அச்சு அசல்

கண்ணாடி மேசைக்குள் வெள்ளை விளக்கு எரிகிறது. சுற்றி அண்ணனும் தங்கையும் இன்ஸ்பெக்டரும் நிற்கிறார்கள். கையெழுத்து நிபுணரான பெண்மணி அதன்மேல் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார். ஒன்றில் தங்கை வங்கியில் போட்ட கையெழுத்து. மற்றொன்று, அப்பா வீட்டில் தன் பங்கை அண்ணனுக்கே விட்டுத்தருவதாக அவள் எழுதிக்கொடுத்த பத்திரமாம். தான் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்கிறாள் தங்கை. நிபுணரின் விரல் மேல்தாளை மெல்ல நகர்த்துகிறது. சுழியோடு சுழியும் புள்ளியோடு புள்ளியும் பொருந்தி, இரண்டு கையெழுத்தும் ஒரே கோடாகின்றன. அண்ணன் நிம்மதியாக மூச்சு விடுகிறான். "பாத்தீங்களா, அச்சு அசலா அவ கையெழுத்து."

"அதுதான் சார் கோளாறு," என்கிறார் நிபுணர். "யாராலயும் ரெண்டு தடவை இப்படி ஒரே மாதிரி போட முடியாது. பத்திரத்துல இருக்கறது அசல் மேல வச்சு வரைஞ்சது."

கீழிருந்து எழும் வெளிச்சத்தில் அண்ணனின் முகத்து நிழல்கள் தலைகீழாகத் தெரிகின்றன. போலிப் பத்திரத்துக்கு பத்து வருஷம் வரைகூடச் சிறை கிடைக்கும் என்று சொல்லியபடி, இன்ஸ்பெக்டர் புகார்த் தாளைக் கையெழுத்துக்காகத் தங்கையின் முன் வைக்கிறார். அண்ணன் சட்டென்று அதன்மேல் கையை ஊன்றுகிறான்.

"நீதான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. கூடப்பிறந்தவன் கம்பி எண்ணணுமா?"

"என் பேரை வரையறப்போ கூடப்பிறந்தவ ஞாபகம் வரலையாண்ணா?"

அவள் குரல் உயரவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். அவன் கை அசையாமல் இருக்கிறது.

"கையை எடுண்ணா," என்கிறாள். "இதையாவது நானே போட்டுக்கறேன்."