பானை உச்சி வழி

பெரியப்பா சுவரிலிருந்த உலகப் படத்தில் சென்னை மேல் கட்டைவிரலை ஊன்றினார். ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் எல்லாம் தாண்டி வான்கூவர் வரைக்கும் சாண் போட்டார்.

"அஞ்சு சாண்! பொட்டப்புள்ளைய இம்புட்டுத் தூரம் படிக்க அனுப்புவியாம்மா?"

அம்மா சரியென்றால்தான் பவதாரணி போக முடியும்.

பவதாரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படியில் கழுவிக் கவிழ்த்திருந்த மண்பானையைத் தூக்கிவந்து கவிழ்த்தபடியே நடுவீட்டில் வைத்தாள்.

"உலகம் உங்க படம் மாதிரி தட்டை இல்ல பெரியப்பா. இந்தா, இப்படி உருண்டை."

சுண்ணாம்பால் இந்தப் பக்கம் ஒரு புள்ளி, சென்னை. அந்தப் பக்கம் கொஞ்சம் மேலே இன்னொன்று, வான்கூவர். பூக்கட்டும் நூலை இரண்டுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தாள். அட்லாண்டிக் பக்கமே போகாமல், பானையின் உச்சியை உரசிக்கொண்டு அது மறுபுறம் இறங்கியது.

"பிளேன் இப்படித்தான், வடதுருவத்துப் பக்கமா போகும். நீங்க சும்மா ஊரைச் சுத்துறீங்க."

பெரியப்பா மறுபடி படத்தில் கை வைத்தார். விரல்கள் மேல் ஓரம் வரை ஏறி, அதற்குமேல் படம் இல்லாமல் நின்றன.

அம்மா குனிந்து பானையின் உச்சியைத் தொட்டாள்.

"இங்கெல்லாம் பனியாடி? அப்ப ஸ்வெட்டர் ரெண்டா வாங்கணுமே."