அறை வெப்பநிலை

பெரம்பலூர் நெடுஞ்சாலையோரப் பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில், மலர்கொடியின் கணினித் திரையில் இரண்டு கோடுகள் சேர மறுக்கின்றன. குறைகடத்தி லேசருக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று அவள் போட்ட கணக்கு ஒரு கோடு. மேசையில் இருக்கும் லேசரை அளந்து வரைந்தது இன்னொன்று. நிஜ லேசர் கணக்கைவிடக் கூடுதலாக மின்சாரம் கேட்கிறது. மாசியில் ஒட்டியிருந்த கோடுகள் சித்திரை பிறந்ததும் பிரிந்துவிட்டன; கணக்கில் இதுவரை எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. மின்விசிறி சூட்டையே அள்ளிக் கொட்டுகிறது. நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்ட, துடைக்கப் போன கை பாதியில் நிற்கிறது. கணக்கில் அறை வெப்பநிலை இருபத்தேழு டிகிரி. சுவர் வெப்பமானியில் நாற்பத்தொன்று. இந்தச் சூட்டில் எலக்ட்ரான்கள் தங்குமா? ஒளி தராமலே நழுவி ஓடுகின்றன. இருபத்தேழை நாற்பத்தொன்றாக மாற்றுகிறாள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. “சார், இங்க வாங்களேன்! சூடுதான் சார் காரணம்!” வழிகாட்டிப் பேராசிரியர் அறிவரசன் வந்து குனிந்து பார்க்கிறார். “எல்லாப் புஸ்தகத்துலயும் இருபத்தேழுதாம்மா. நாப்பத்தொண்ணுன்னா அது ரூமா, அடுப்பா? கட்டுரைய அனுப்புனா சிரிப்பாங்க. பழையபடியே போட்டுடு.” சொல்லிக்கொண்டே சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, மேசையில் கிடக்கும் அவளுடைய கட்டுரையை எடுத்து விசிறிக்கொள்கிறார்.