வியாழக்கிழமைத் தோழி

இங்கிலாந்தின் ஹல் நகர மேல்முறையீட்டு மன்றத்தில் எதிரே விசாரணைக் குழுவின் மூன்று பேர். ஜானிஸ் டாவ்ஸன் மேஜை விளிம்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நாலு பேரைப் பாத்தாலே கை நடுங்கும், பேச்சு வராதுன்னு உதவித்தொகை கேக்குறீங்க," என்றார் நீதிபதி. "ஆனா வீட்டுக்கு வந்து விசாரிச்ச அதிகாரி என்ன எழுதியிருக்காங்க? 'வாராவாரம் வியாழக்கிழமை தோழி கிளெனிஸ் வருகிறார். டீ குடித்தபடி சிரித்துப் பேசுகிறார்கள்.' அதனாலதான் மறுத்திருக்காங்க. இன்னிக்கு அந்தத் தோழியையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"அப்படி யாரும் இல்லீங்க."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"'ஃப்ரெண்டுன்னு ஒருத்தர்கூடவா இல்ல?'ன்னு கேட்டாங்க. வெக்கமாப் போச்சு. ஒரு பேரைச் சொல்லிட்டேன்."

"அதென்ன கிளெனிஸ்?"

ஜானிஸ் தலை நிமிராமல் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். அதிகாரியின் கையெழுத்து: கிளெனிஸ் ஹார்பர்.

"அவங்க கழுத்துல தொங்கின அட்டையில பாத்தேன். 'அட, என் பேரேதான்!'னு சிரிச்சாங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு வியாழக்கிழமைங்க," என்றாள் ஜானிஸ். "அஞ்சு வருஷத்துல என் வீட்ல உக்காந்து டீ குடிச்சது அவங்க ஒருத்தர்தான்."