இளகிய டேப்

"இஞ்சின் பக்கம் துணி டேப்பு சுத்துங்கண்ணேன்னு படிச்சுப் படிச்சு..." "எல்லாம் ஒரே டேப்புத்தாம்மா..." "ஒரே டேப்பா? இந்தா, மோந்து பாருங்க!"

தல்லாகுளத்து ஒர்க்‌ஷாப்பில் தமிழ்வாணி தன் ஆட்டோவின் ஒயர்க்கட்டைத் தூக்கிக் காட்டுகிறாள். போன மாதம் மெக்கானிக் அழகுபாண்டி சுற்றிய பிளாஸ்டிக் டேப் சூட்டில் இளகிச் சளியாக வழிகிறது. அதில் மண்ணும், ஒரு முடியும், செத்த ஈயும் ஒட்டியிருக்கின்றன. உருகிய ஒயருக்குள் செம்பு பல்லிளிக்கிறது. கருகல் நாற்றம் வீசுகிறது. விரலைச் சுவரில் தேய்க்கிறாள்; பிசுக்கு போவதாயில்லை. சூடு தாங்கும் துணி டேப் ஆணியில் தொங்க, அழகுபாண்டியின் கை மறுபடியும் பளபளக்கும் பிளாஸ்டிக் சுருளுக்கே நீள்கிறது.

"சுத்துங்கண்ணே, நல்லாச் சுத்துங்க. நாளைக்குக் காலையில ஒங்க மக பவதாரிணியும் இந்த வண்டியிலதான பள்ளிக்கூடம் வாரா?"