குரல் கணக்கு

ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் அசையாமல் நின்று, காதில் விழும் குரலை வைத்தே பறவைகளை எண்ணுவது மாசிலாமணியின் வழக்கம். பதினெட்டு வருடங்களுக்கு முன் இதே ஆப்பிரிக்க மழைக்காட்டில் நாற்பத்தொரு வகை எண்ணியவர். போன வாரம் புல்வெளியில் தீக்கோழியின் கனத்த அடிக்குரல் உறுமலை எல்லோருக்கும் முன்னால் கேட்டவரும் அவர்தான். இன்று ஆறு இடங்களில் நின்றும் ஒரு குரல்கூட அவர் காதில் விழவில்லை. “காடு செத்துப்போச்சு வடிவு. ஊருக்குப் போனதும் பறவைச் சங்கப் பத்திரிகைக்கு எழுதணும்” என்றார் மனைவியிடம். தலைக்கு மேலே தேன்சிட்டுகள் ஊசிக்குரலில் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. வழிகாட்டி வடிவைப் பார்த்தான். அவள் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். “எப்பவும் வாய் ஓயாது, இன்னைக்கு நீயும் பேசமாட்டேங்கிற. உனக்கு ஏதாவது கேக்குதா? உண்மையச் சொல்லு.” அவர் கை காதருகே போயிருந்தது. “இல்லைங்க” என்றாள். “அப்பாடா. எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்.” முகம் தெளிந்து சிரித்தார். குறிப்பேட்டில் பூஜ்யம் போட்டு, அதன் கீழே அழுத்தமாக இரண்டு கோடுகள் இழுத்தார். அவர் எழுதி முடிக்கும்வரை வடிவு மேலே பார்க்காமல் நின்றாள்.