தேதி எழுதிய பைகள்

வினோதினிக்குப் பால் வற்றி மூன்று வாரமாகிவிட்டது. அதை வெளியே சொல்ல மனம் வராமல், பவுடர் பாலைக் கரைத்து, தாய்ப்பால் சேமிக்கும் பைகளில் ஊற்றித் தேதி எழுதி, ஃப்ரீசரில் அடுக்கிப் படம் எடுத்து, ஃபோனில் அம்மாக்கள் குழுவில் போட்டாள். இதயங்கள் வந்து குவிந்தன. "அம்மான்னா நீங்கதான்க்கா" என்றாள் ஒருத்தி.

ஐந்தாம் நாள், மகளுக்குப் புட்டிப்பால் புகட்டிக்கொண்டே ஃபோனைத் திறந்தாள். முகம் தெரியாத ஒருத்தி எழுதியிருந்தாள்: "அக்கா, உங்க ஃபோட்டோவப் பாத்துதான் பவுடர் பால நிறுத்துனேன். எனக்குச் சொட்டுகூட வரல. பாப்பா இப்பல்லாம் அழறதுகூட இல்ல. என்ன பண்ணட்டும்?"

வினோதினி உண்மையை எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். "விட்டுடாதீங்க, வந்துடும்" என்று அனுப்பி, கூடவே ஓர் இதயத்தையும் வைத்தாள்.

மடியில் மகள் வயிறு நிறைந்து ஏப்பம் விட்டாள்.